பப் குவிஸ் லீக்: புதிதாகச் சேருபவருக்கு ஒரு வாரக் கையேடு

இங்கிலாந்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து, ஆபீஸ், வீடு, டெஸ்கோ கடை, மறுபடியும் வீடு என்று சுற்றிக்கொண்டிருக்கும் நம் ஆட்கள் பலருக்குப் பப் என்றால் குடிக்கிற இடம், அவ்வளவுதான். குடிக்கிற இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல், மே வரை, வாரத்தில் ஒரு ராத்திரி அதே பப்பின் பின்னறையில் எட்டுப் பேர் இரண்டு மேசைகளில் எதிரெதிரே உட்கார்ந்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு எத்தனை பிள்ளைகள், டங்ஸ்டனின் குறியீடு என்ன என்று இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். அதுதான் குவிஸ் லீக். டிவிஷன், புள்ளிப் பட்டியல், மேலே ஏறுவது, கீழே இறங்குவது, நாக்அவுட் கோப்பை என்று எல்லாம் உண்டு, பரிசுப் பணம் மட்டும் அனேகமாக இருக்காது.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். "குவிஸ் நைட்" என்று பலகை வைத்து பப்புகள் வாராவாரம் நடத்துவது வேறு. அங்கே யார் வேண்டுமானாலும் போகலாம். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பவுண்டு கொடுத்து ஒரு தாள் வாங்கிக்கொண்டு, மைக்கில் வரும் கேள்விக்குக் கூடிப் பேசி எழுதி, கடைசியில் பக்கத்து மேசையிடம் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் யாருக்கும் தெரியாமலே தப்பித்துவிடலாம். லீக்கில் அது நடக்காது. இரண்டே அணிகள், வாயால் பதில், உங்கள் பெயருக்கு என்று ஒரு கேள்வி வரும், அறை முழுக்க உங்கள் முகத்தைப் பார்க்கும். இது பிடிக்கும் என்றால் மேலே படியுங்கள்.

இந்த வழக்கம் பரவியதற்கு அறிவுத் தாகம் காரணமில்லை, வியாபாரம்தான் காரணம். கூட்டம் வராத நாளில் பப்புக்கு ஆள் சேர்க்க வேண்டும். 1976ல் ஷாரன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர் தெற்கு இங்கிலாந்தில் 32 அணிகளைச் சேர்த்து மூன்று லீக்குகளாக நடத்த ஆரம்பித்தார்கள். நாடு முழுக்க பப் குவிஸ் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். இன்றைக்கும் லீக் ஆட்டங்கள் திங்கள், செவ்வாய், புதன் என்று ஈ ஓட்டும் ராத்திரிகளிலேயே நடப்பதற்கும், பப்காரர் அறையைச் சும்மா கொடுத்து சாண்ட்விச்சும் போடுவதற்கும் அதே கணக்குதான். கீழே செவ்வாய்க்கிழமையை ஆட்ட நாளாக வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊரில் வேறு நாளாக இருந்தால் எல்லாவற்றையும் அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

அணி பிடிப்பது

ஆகஸ்ட்தான் நல்ல நேரம், சீசனுக்கு ஆள் கணக்கு எடுக்கும் மாதம் அது. ஊர்ப் பெயரோடு "குவிஸ் லீக்" என்று தேடிப் பாருங்கள், செயலாளரின் மின்னஞ்சல் எங்காவது இருக்கும். இல்லையென்றால் பக்கத்து பப்பில் பார் கவுன்டரில் நிற்பவரிடம் இங்கே லீக் அணி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம். அனேகமாக எல்லா அணியிலும் ஒரு ஆள் குறைவாகத்தான் இருக்கும். ஆட்டத்துக்கு நான்கு பேர் போதும் என்றாலும் ஒருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, ஒருவர் பேரக்குழந்தையைப் பார்க்கப் போயிருப்பார், ஒருவர் ஸ்பெயினில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார். அதனால் ஆறேழு பேரைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள். "பொது அறிவு" என்று சொல்லிவிடாதீர்கள், அதை வைத்து அவர்களால் எந்த முடிவும் எடுக்க முடியாது. கிரிக்கெட், உலகத் தலைநகரங்கள், வேதியியல், இப்போது வரும் படங்கள் என்று துல்லியமாகச் சொல்லுங்கள். பல அணிகளில் ஓய்வு பெற்ற ஆசிரியர், நூலகர், அரசு ஊழியர் என்று வயதானவர்களே அதிகம். 1960களின் பாட்டு எந்த வாரம் முதலிடத்தில் இருந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள், பொட்டாசியத்துக்கு ஏன் கே என்று கேட்டால் விழிப்பார்கள். நம் ஊர்ப் பள்ளியில் தனிம அட்டவணையையும் நாடுகளின் நாணயங்களையும் உருப்போட்டு வளர்ந்தவருக்கு அங்கே இடம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பதிவு செய்துகொள்ளும் விஷயத்தைக் கேப்டனிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். சில லீக்குகளில் பெயர் பதியாத ஆள் ஆடினால் அணியின் புள்ளியைக் குறைத்துவிடுவார்கள்.

சென்னையிலோ பெங்களூரிலோ குவிஸ் ஆடிப் பழகியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆகஸ்ட் 15 அன்று மியூசிக் அகாடமியில் நடந்த லேண்ட்மார்க் குவிஸ் மாதிரியான மேடைகளில், கேள்விக்குள்ளேயே நூல் பிடித்துப் போனால் விடை கிடைக்கும்படி ஒரு பத்தி நீளத்துக்குக் கேட்பார்கள். இங்கே அப்படி இல்லை. ஒரு வரிக் கேள்வி, தெரியும் அல்லது தெரியாது. விடை தெரியாத கேள்வி அடுத்தடுத்த அணிக்கு பவுன்ஸ் ஆகி ஆகி ஏழாவது அணி வரைக்கும் போவதும் இல்லை, எதிரணிக்கு ஒரு தடவை போகும், அதோடு சரி. யோசித்து விடையைக் கட்டி எழுப்பும் சுகம் எனக்கு நம் ஊர் முறையில்தான் அதிகம், ஆனால் இதிலும் ஒரு போதை இருக்கிறது.

ஞாயிறு: வாட்ஸ்அப்புக்குப் பதில் போடுவது

கேப்டன் "செவ்வாய்க்கு யார் வருகிறீர்கள்?" என்று கேட்பார். ஆமாம் அல்லது இல்லை, இந்த இரண்டில் ஒன்று. "பார்க்கிறேன்", "முயற்சி செய்கிறேன்" என்று நாம் மரியாதைக்குச் சொல்வதை அவர்கள் வருகிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். வராமல் போனால் அணி மூன்று பேரோடு ஆட வேண்டியிருக்கும். சராசரியாக ஆடி வாராவாரம் வருகிறவரைத்தான் எந்தக் கேப்டனும் விரும்புவார், மாதத்துக்கு ஒருமுறை வந்து பிரமாதமாக ஆடும் மேதையை இல்லை.

வெளியூர் ஆட்டமா, நம் பப்பிலா என்று பாருங்கள். வெளியூர் என்றால் கார் வேண்டும். நீங்கள் குடிக்காதவர், காரும் வைத்திருக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு ஒரு விடை கூடத் தெரியாவிட்டாலும் அணி உங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும். சட்டப்படி இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரை வண்டி ஓட்டலாம், ஸ்காட்லாந்தில் 2014லிருந்து அது 50தான். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி, எந்த பீர், உங்கள் எடை என்ன, சாப்பிட்டீர்களா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். ஓட்டுகிறவர் குடிக்காமல் இருப்பதுதான் ஒரே நல்ல கணக்கு.

திங்கள்: எதைப் படிப்பது

மொத்த உலகத்தையும் படிக்க முடியாது. படிக்கவும் வேண்டாம். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மூச்சு மாதிரி வருகிற, நமக்குக் கேள்வியே புரியாத சில பகுதிகள் இருக்கின்றன, அவற்றை மட்டும் பிடியுங்கள்.

குடியுரிமைக்கோ நிரந்தர வசிப்புரிமைக்கோ "லைஃப் இன் த யூகே" தேர்வு எழுதியிருக்கிறீர்களா? 45 நிமிடத்தில் 24 கேள்வி, 18 சரியாக இருந்தால் தேர்ச்சி, அதே தேர்வுதான். அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகள், 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தது என்று, குவிஸில் பாதி வரலாறு அதற்குள்ளேயே இருக்கிறது. அதோடு பிரதமர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொலை செய்யப்பட்ட ஒரே பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல், 1812. வெறும் 49 நாள் இருந்தவர் லிஸ் டிரஸ், 2022. இந்த இருவரும் ஒரு சீசனில் எப்படியும் ஒருமுறை தலைகாட்டுவார்கள்.

அடுத்தது தொலைக்காட்சித் தொடர்கள். பார்க்க வேண்டாம், அதற்கு ஒரு ஆயுள் போதாது, ஊர்ப் பெயரும் பப் பெயரும் தெரிந்தால் போதும். ஆம், இவர்களுடைய நெடுந்தொடர் ஒவ்வொன்றிலும் ஒரு பப் இருக்கிறது. 1960ல் தொடங்கி இன்னும் ஓடும் கொரனேஷன் ஸ்ட்ரீட் நடப்பது வெதர்ஃபீல்டில், அங்கே பப் ரோவர்ஸ் ரிட்டர்ன். 1985ல் வந்த ஈஸ்ட்எண்டர்ஸ் வால்ஃபோர்டில், பப் குயின் விக். எமர்டேலில் வுல்பேக். ரேடியோவில் 1951லிருந்து நாடு முழுக்க ஒலிபரப்பாகும் தி ஆர்ச்சர்ஸில் கிராமம் ஆம்பிரிட்ஜ், பப் தி புல். கால் மணி நேர வேலை, பல வருஷப் பலன்.

பிறகு மோனோபோலி. நாம் ஊரில் ஆடிய வியாபார விளையாட்டில் பம்பாயும் கல்கத்தாவும் இருந்தன, இங்கே லண்டன் தெருக்கள். எந்தத் தெரு எந்த நிறம் என்று கேட்பார்கள். பழுப்பு என்றால் ஓல்ட் கென்ட் ரோடும் வைட்சேப்பலும், கரு நீலம் என்றால் பார்க் லேனும் மேஃபேரும். தேம்ஸுக்குத் தெற்கே இருக்கும் ஒரே தெரு ஓல்ட் கென்ட் ரோடு, அதுவும் வரும். ஸ்னூக்கரில் சிவப்பு 1, மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7. டார்ட்ஸ் பலகையில் 20க்கு இரு பக்கமும் 1, 5. குதிரைப் பந்தயம் நமக்கு முழு இருட்டு, குறைந்தபட்சம் ரெட் ரம் என்ற குதிரை ஏன்ட்ரியில் நடக்கும் கிராண்ட் நேஷனலை 1973, 1974, 1977 என்று மூன்று தடவை ஜெயித்தது என்பதையும், டெர்பி எப்சமில், செயின்ட் லெஜர் டான்கஸ்டரில் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 1974ல் பிரைட்டனில் ஸ்வீடனின் ஆபா குழு ஜெயித்தது, பிரிட்டன் கடைசியாக ஜெயித்தது 1997ல்.

இதெல்லாம் ஒரே திங்கட்கிழமையில் முடிகிற காரியம் இல்லை. வாரத்துக்கு ஒரு பட்டியல் போதும். அதே நேரத்தில் நம் கையில் இருப்பதைத் துருப்பிடிக்க விடாதீர்கள். உலகின் முதல் பெண் பிரதமர், 1960, சிறிமாவோ பண்டாரநாயக்க. முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட். ராமானுஜனும் 1729ஆம் எண் டாக்ஸியும். சிதம்பரத்தில் பிறந்து 2009ல் நோபல் வாங்கி, பிறகு ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த வெங்கி ராமகிருஷ்ணன். 2024ல் 18 வயதில் உலக செஸ் சாம்பியனான குகேஷ். இவை எல்லாம் இந்த ஊர்க் கேள்வித்தாளிலும் வருகிறவைதான். வரும்போது அணியில் மற்ற மூன்று பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள், அந்த நேரத்தில் பெயர் தொண்டையில் நின்றுவிடக் கூடாது.

செவ்வாய்: ஆட்ட ராத்திரி

ஆட்டம் பெரும்பாலும் எட்டு, எட்டரைக்குத் தொடங்கும். கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். மேசையில் உட்கார்ந்தால் யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள், பார் கவுன்டருக்கு நீங்கள்தான் போக வேண்டும். அங்கே வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் யார் முதலில் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். கையை ஆட்டிக் கூப்பிடாதீர்கள். டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

ரவுண்டு வாங்கும் வழக்கத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த தடவை இன்னொருவர். உங்களுக்கு ஒருவர் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு உங்கள் முறை வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால், எத்தனை கேள்விக்கு விடை சொன்னாலும் அது மறக்கப்படாது. லைம் சோடா மட்டும்தான் குடிக்கிறீர்கள், நாலு பைன்ட் வாங்கிக் கொடுப்பது கட்டுப்படியாகாது என்றால் தொடக்கத்திலேயே "நான் என்னுடையதை வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். குடிக்காதவரை ஏன் என்று துருவுகிற பழக்கம் இந்தக் கூட்டத்தில் நான் பார்த்ததில்லை. ஆல்கஹால் இல்லாத பீர் இப்போது அனேகமாக எல்லா பப்பிலும் கிடைக்கிறது.

சரி, ஆட்டம். லீக்குக்கு லீக் விதி மாறும், ஆனால் பரவலான ஒரு முறை இது. அணிக்கு நான்கு பேர், ஒன்று முதல் நான்கு வரை இருக்கை எண். எட்டுச் சுற்று, சுற்றுக்கு எட்டுக் கேள்வி, ஒன்று மாற்றி ஒன்று அணிகளுக்குப் போகும். ஆக ஒவ்வொரு சுற்றிலும் உங்களுக்கென்று ஒரு கேள்வி, ராத்திரி முழுக்க எட்டு. யாரையும் கேட்காமல் நீங்களே சரியாகச் சொன்னால் 2 புள்ளி. அணியிடம் கலந்து பேசிச் சொன்னால் 1. தப்பாகப் போனால் கேள்வி எதிரணிக்குப் போகும், அவர்கள் சொன்னால் அவர்களுக்கு போனஸ் 1.

விடை தெரியுமா தெரியாதா என்பது ஆட்டத்தில் பாதிதான். தெரியும் என்று எவ்வளவு நிச்சயமாக இருக்கிறீர்கள் என்பதுதான் மீதி. புதியவர்கள் பயத்தில் எல்லாவற்றுக்கும் கலந்து பேசுகிறார்கள். தலையில் முதலில் வந்த பெயர் சரியாக இருந்தும் அணியிடம் கேட்டு ஒரு புள்ளியை வீணடிக்கிறார்கள். இன்னொரு வகை, தனக்குத் தெரியாவிட்டால் அவமானம் என்று எதையாவது உளறி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு நிச்சயமாகத் தெரிந்த விடையை எதிரணிக்குத் தானம் செய்பவர். என் கணக்கு இதுதான்: பந்தயம் கட்டும் அளவுக்கு நம்பிக்கை இருந்தால் நேராகச் சொல், இல்லையென்றால் அணியைக் கேள். பாப் பாட்டுக் கேள்வி உங்களுக்கு வந்து, பக்கத்தில் எழுபது வயதுக்காரர் உட்கார்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், அவரைப் பாருங்கள்.

உங்கள் அணிக்காரர் தன் கேள்வியை யோசித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் முகம் கல்லாக இருக்க வேண்டும். தலையாட்டுவது, மூச்சை இழுப்பது, சிரிப்பது எதுவும் கூடாது. அவர் கலந்து பேசுகிறேன் என்று சொன்ன பிறகுதான் வாய் திறக்கலாம். அப்போதும் மெதுவாக. எதிரணி ஆறடி தூரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் சத்தமாகச் சொல்லி உங்கள் கேப்டன் வேறு விடையைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் விடையை வைத்தே அவர்கள் போனஸ் வாங்குவார்கள். காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள், அதற்குத்தான் எல்லா மேசையிலும் ஒரு தாளும் மொட்டைப் பென்சிலும் கிடக்கின்றன. ஒரே அணியில் இரண்டு தமிழர்கள் இருந்தால் தமிழிலேயே கலந்து பேசிக்கொள்ளலாமே என்று தோன்றும். மீதி இரண்டு பேருக்குப் புரியாது, எதிரணிக்கு எரிச்சல் வரும், எப்படியும் ரெட் ரம் என்பதைத் தமிழில் ரெட் ரம் என்றுதான் சொல்ல வேண்டும். விட்டுவிடுங்கள்.

முதலில் சொன்ன விடைதான் கணக்கு, மாற்றிச் சொல்ல முடியாது. இறுதி விடையைக் கேப்டன் சொல்வதாக இருந்தால் அவரே சொல்லட்டும். ஆள் பெயர் கேட்டால் பெரும்பாலும் குடும்பப் பெயர் மட்டும் போதும், அதிகமாகச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். ஜான்சன் என்று நின்றிருந்தால் கிடைத்திருக்கும் புள்ளி, தப்பான முதல் பெயரைச் சேர்த்ததால் போன கதை எல்லா ஊரிலும் உண்டு. போன் பைக்குள் இருக்கட்டும், மனைவிக்கு மெசேஜ் போடுவதற்காகக்கூட எடுக்காதீர்கள்.

கேள்வி கேட்பவர் பெரும்பாலும் அந்தப் பப் அணியைச் சேர்ந்தவராகவோ அவர்களுடைய நண்பராகவோ இருப்பார். கேள்வித்தாள் ஒட்டிய உறையில் வரும், இரண்டு கேப்டன்களுக்கும் முன்னால்தான் பிரிப்பார்கள். வடக்கே வட்டார உச்சரிப்பு கொஞ்ச நாள் காதில் ஏறாது. புரியாவிட்டால் திரும்பக் கேட்கும்படி தயங்காமல் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. தாளில் இருக்கும் விடையே தப்பு என்று உங்களுக்கு நூறு சதவீதம் தெரிந்தாலும் அவரிடம் சண்டை வேண்டாம், அன்றைக்கு அவர் சொல்வதுதான் தீர்ப்பு. கேப்டனிடம் சொல்லுங்கள், ஆட்ட முடிவை மாற்றும் அளவுக்கு முக்கியம் என்றால் அவர் செயலாளருக்கு எழுதுவார்.

பாதியில் இடைவேளை, சாப்பாடு. பல லீக்குகளில் உள்ளூர் அணியின் பப்தான் இரண்டு அணிகளுக்கும் சாண்ட்விச், சிப்ஸ் என்று ஏதாவது வைக்க வேண்டும் என்பது வழக்கம். ஹாம், சீஸ் வெங்காயம், முட்டை, டூனா இப்படி இருக்கும். சைவம் என்றால் முன்கூட்டியே கேப்டனிடம் சொல்லி வையுங்கள், அவர் அந்தப் பப்புக்குச் சொல்லிவிடுவார். சிப்ஸை நம்பிவிடாதீர்கள், வடக்கே, குறிப்பாக யார்க்ஷயர் பக்கம், மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது இன்னும் இருக்கிறது, எந்த எண்ணெய் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார் கவுன்டரில் பாக்கெட்டில் தொங்கும் போர்க் ஸ்க்ராட்சிங்ஸ் என்பது பொரித்த பன்றித் தோல், முறுக்கு மாதிரி இருக்கிறதே என்று கை வைக்க வேண்டாம். எதிரணியோடு உட்கார்ந்து சாப்பிடும் அந்தப் பத்து நிமிடத்தில்தான், எந்த மருத்துவர் நல்லவர், எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும், கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்ற ஊர் நியாயமெல்லாம் கிடைக்கும். நான் லீக்கை விடாமல் இருப்பதற்கு இந்தப் பத்து நிமிடமும் ஒரு காரணம்.

முடிந்ததும் இரண்டு கேப்டன்களும் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். கை குலுக்குங்கள், கேள்வி கேட்டவருக்கும் நன்றி சொல்லுங்கள். ஜெயித்திருந்தால் எதிரணி முன்னால் புள்ளிக்கணக்கை அலசாதீர்கள், காரில் வைத்துக்கொள்ளலாம்.

புதன்: பட்டியல்

ஆட்ட முடிவுகள் காலைக்குள் வந்துவிடும், அட்டவணையில் எங்கே இருக்கிறோம் என்று பார்ப்பார்கள். அதைவிட முக்கியமான வேலை உங்களுக்கு இருக்கிறது. நேற்று யாருக்குமே தெரியாமல் போன விடைகள் நினைவில் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். கேள்வி தயாரிப்பவர்கள் எல்லோரும் ஒரே உலகத்தில் வாழ்கிறவர்கள், ஒரே மாதிரி விஷயங்கள்தான் அவர்கள் கண்ணில் படும், அதே விடை வேறு சட்டை போட்டுக்கொண்டு ஜனவரியில் வரும்.

வியாழன் முதல்: உங்கள் அணியின் முறை வந்தால்

பல லீக்குகளில் கேள்விகளை அணிகளே முறை வைத்துத் தயாரிக்கின்றன. சீசனில் ஓரிரு தடவை அந்த வேலை உங்கள் தலையில் விழும். புதியவர்கள் இதைச் சுமை என்று நினைக்கிறார்கள். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது என்று சொல்வேன்.

இதில் ஜோடிதான் எல்லாம். முதல் கேள்வி ஒரு அணிக்கும் இரண்டாவது மற்ற அணிக்கும் போவதால் இரண்டும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரம், அடுத்தவருக்கு புர்கினா ஃபாசோவின் தலைநகரம் என்றால் அது அநியாயம். கான்பெராவுக்கு ஒட்டாவாவை ஜோடியாக வையுங்கள், வாகடூகுவுக்கு உலான்பாதரை வையுங்கள்.

இரண்டாவது, ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் இருக்க வேண்டும். உலகின் மிக நீளமான நதி என்று கேட்டால் நைலா அமேசானா என்று அடிதடி. இலங்கையின் தலைநகரம் எது என்று கேட்டால் கொழும்பு என்பவரும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை என்பவரும் மோதுவார்கள், நாடாளுமன்றம் இருக்கும் தலைநகரம் என்று ஒரு சொல் சேர்த்தால் பிரச்சினை தீர்ந்தது. எவர்ட்டன் கால்பந்து அணி எந்த மைதானத்தில் ஆடுகிறது என்று பழைய நோட்டைப் பார்த்துக் கேட்காதீர்கள், 2025ல் ஆண்கள் அணி ஹில் டிக்கின்சன் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது, குடிசன் பார்க்குக்குப் பெண்கள் அணி வந்துவிட்டது. மாறக்கூடிய எதையும் ஆட்டத்துக்கு முந்தின நாள் மறுபடி பாருங்கள். ஏஐயிடம் நூறு கேள்வி கேட்டு அப்படியே ஒட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், விடை தப்பாக இருப்பது ஒரு பக்கம், எல்லாம் ஒரே சாயலில் சப்பென்று இருப்பது இன்னொரு பக்கம்.

நம் ஊர் விஷயங்களை வைக்கலாமா? தாராளமாக, ஆனால் ஒன்றிரண்டு. அவர்களுக்கு எட்டும்படி வழி விட்டுக் கேளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்றால் பத்துப் பப்பிலும் நிசப்தம்தான். சோழர்களின் அந்தக் கோயில் எந்த நாட்டில் இருக்கிறது என்றால் யோசித்துப் பார்க்க ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. படிப்பவருக்காகப் பெயர்களுக்குப் பக்கத்தில் உச்சரிப்பை உடைத்து எழுதுங்கள்.

தயாரித்ததை இன்னொரு அணிக்கு அனுப்பிச் சரிபார்ப்பார்கள். பாதிக் கேள்வியில் சிவப்பு மை பூசி வரும், கோபப்படாதீர்கள். யாராவது விடையை உளறிவிட்டால் மாற்றாகக் கேட்க, கூடுதலாக நாலைந்து கேள்வி எழுதி வைப்பதும் உங்கள் வேலைதான்.

வெள்ளி, சனிக்கு லீக் வேலை எதுவும் இல்லை. பிள்ளைகளோடு இருங்கள். கையரிப்புத் தாங்காவிட்டால் ஊரில் ஏதாவது ஒரு பப்பில் சாதாரண குவிஸ் நைட் நடக்கும், போய்ப் பழகலாம்.

சீசன் முடிவில்

வசந்தத்தில் கோப்பை இறுதி ஆட்டம், பிறகு பரிசளிப்பு ராத்திரி, எல்லா அணிகளும் ஒரே இடத்தில் கூடும், குடும்பத்தையும் கூட்டிப் போகலாம். ஜூனில் உலக குவிஸ் சாம்பியன்ஷிப் நடக்கிறது, 2003லிருந்து. தனி ஆளாக 240 கேள்விகளுக்கு எழுத்தில் விடை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், மதிப்பெண்ணைப் பார்த்து மனம் தளராமல் இருந்தால் சரி.

நடுவில் லீக்கின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வரும். கலந்துபேசும் நேரம் எத்தனை வினாடி என்று ஒரு மணி நேரம் விவாதிப்பார்கள், கடைசியில் போன வருஷம் இருந்தபடியே இருக்கட்டும் என்று கையைத் தூக்குவார்கள். போய் உட்காருங்கள், ஆட்களைத் தெரிந்துகொள்ளலாம். செயலாளர் பதவிக்கு யார் என்று தலைவர் கேட்கும்போது மட்டும் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருங்கள். அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பவர்தான் அடுத்த ஐந்து வருஷத்துக்குச் செயலாளர்.